காத்தாடி நிழல்

மொதல்ல காணாமப் போறது
பீடியோட தலதான்.
மடக்கப் போவேன், நுனி இருக்காது.
விரலு தெரியும், கத்தரி தெரியும்,
நடுவுல ஒரு ரூவாத் துட்டு அளவுக்கு
ஒண்ணுமே கெடையாது.

பொறவு அந்தத் துட்டோட வெளிம்புல
பல்லு பல்லா வெளிச்சம் மொளைக்கும்,
கருக்குமட்ட மாதிரி.
இனி அரமணி நேரந்தான் நான் மனுசி.
அதுக்குள்ள நாப்பது பீடி சுத்தலாம்,
இல்லன்னா ஒலைய எறக்கி வடிச்சிப்போடலாம்.
வடிச்சேன்.

சுக்க உரசி நெத்தியில இழுத்தாச்சி.
துவர்த்த நனைச்சி வரிஞ்சி கட்டியாச்சி.
காலு ரெண்டும் வாளிச் சுடுதண்ணிக்குள்ள.
கடுங்காப்பி, சீனி இல்லாம, ஒரே மடக்கு.
மெடிக்கல்ல பேரு சொல்லாமத் தார வெள்ள மாத்திர,
பாதி இப்ப, பாதி வாந்திக்குப் பொறவு.
வலியும் பாதி மண்டைக்குத்தான,
கணக்கு சரியாத்தான் இருக்கு.

மேக்க பாத்த ஜன்னலுக்கு
கோதும சாக்க மடிச்சி சொருவணும்.
ஆனி பொறந்தாச்சின்னா
ஊத்துமல ரோட்டுக் காத்தாடியோட நெழலு
நாலர மணிக்கு வீட்டுக்குள்ள வரும்.
சுவத்துல ஏறி, எம் மூஞ்சத் தாண்டி,
அடுப்பு வரைக்கும் போவும்.
அது போறதுக்குள்ள அடுத்த எறக்க.
வெட்டு. வெட்டு. வெட்டு.
கண்ண மூடுனாலும் இமைக்குச் செவப்பா அடிக்கும்.

அந்தக் காத்தாடிக்கு வாச்மேன்
எங்க வீட்டாளுதான்.
"ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன்"ன்னேன்.
"அது மெட்ராஸ்ல இருந்துல்லா ஓடுது" ன்னாவ.
"எங்கிட்ட இருக்கது
ஒரு கம்பும் ஒரு டார்ச்சும்."

மாரித்தங்கம் வாசல்ல நின்னு சொல்லுதா:
"முக்கூடல்ல பீடி ஆஸ்பத்திரி இருக்குல்லா மைனி,
கார்டக் காட்டுனா காசா கேக்கான்?"
காசு கேக்க மாட்டான். தெரியும்.
அந்த டாக்டரு என்ன சொல்லுவாருன்னும் தெரியும்.
தூள் வாசம் ஆவாது, வேற வேல பாரும்மா.
வேற வேல எங்க இருக்குன்னு
அதே சீட்டுல எழுதித் தருவாரா?
போயிட்டு வந்தா அன்னைக்கி ஆயிரமும் போச்சி,
தெரிஞ்ச பதிலும் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிடும்.

ஐப்பசியில ஒருவாட்டி
கம்பெனியில இலை வரல, ஆறு நாளு தட்டு காலி.
காத்தும் இல்ல. காத்தாடி
கைய விரிச்சிக்கிட்டுச் சும்மா நின்னுச்சி.
வேளைக்குத் தின்னேன். மதியம் ஒறங்குனேன்.
ஆறாம் நாளு சாயந்திரம்
பேச்சிக்கனி தலைக்கு சிக்கெடுத்துக்கிட்டு இருக்கேன்,
பிள்ளைக்கு மூக்கக் காணல.

தூளும் இல்ல, நெழலும் இல்ல.
அதுக்கு என்னையத் தெரியும்,
நேரா வந்துருச்சி.
அன்னையில இருந்து நான் யாரையும் ஏசல.

நேத்து வந்தது ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இருந்திச்சி.
வாளிய யாரோ எடுத்தாவ, துவர்த்த யாரோ நனைச்சாவ.
பிள்ள செல்லுல பாட்டுச் சத்தம் நின்னு போச்சி.
என் விரலு மட்டும்
ஒண்ணுமில்லாத இலையச் சுத்திக்கிட்டே கெடந்துச்சாம்,
காலையில அவிய சொன்னாவ.

வெளிய வந்தேன். வெயிலு ஒடம்புல பட்டிச்சி,
கண்ணுல குத்தல.
முறத்துல முப்பது பீடி, நான் சுத்தாதது.
வயிறு பெருத்து, தல கோணி,
நூலு நாலு சுத்து கூடுதலா,
கம்பு புடிக்கித கையி சுத்துனது.
அவிய தட்டப் பாக்காம பல்லு தேச்சிக்கிட்டு நின்னாவ.

ஏஜெண்டு ஒண்ணக்கூட எடுக்க மாட்டான்.
எல்லாத்தையும் பிரிச்சி
இலைய திரும்ப ஈரச்சாக்குல போட்டேன்.
தூளு மூக்குல ஏறிச்சி.
தல கம்முனு இருந்திச்சி.